பார்க்காமல் எழுதிய மூச்சு

போன வாரம் ரம்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த எம்.ஆர்.ஐ. பிரிவில் இப்போது அவள்தான் சீனியர் டெக்னீஷியன். புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். மூளைக் கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை, முகமூடி கிடையாது, மூச்சுப் பட்டை கிடையாது, நோயாளி பாட்டுக்குப் படுத்திருக்க, சில நிமிடத்தில் கலர் கலராகப் படம் போட்டுக் கொடுத்துவிடுகிறதாம்.

"நீங்கல்லாம் ரப்பர் பட்டைய வயித்துல கட்டி, மாஸ்க்க டேப் போட்டு ஒட்டிப் பண்ணீங்களாமே மேடம்? கேக்கவே சிரிப்பா இருக்குது. அதப் பத்தி எழுதிக் குடுங்களேன். புதுசா வர்ற பசங்களுக்குக் காட்டலாம்."

"சிரிப்பாவா இருக்குது?" என்றேன்.

"அய்யோ, கோச்சுக்காதீங்க மேடம்."

கோபமெல்லாம் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு நான் வாய் திறந்து பேசுவது காலையில் பால்காரரிடம் ஒரு தடவை, மார்க்கெட்டில் கத்தரிக்காய் சொத்தை என்று ஒரு தடவை. யாராவது போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் சண்டை போட்டுப் பார்ப்பேன். ரம்யாவுக்கு அது தெரியாது. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அவள் கேட்ட கதையும் நான் எழுதப்போவதும் வேறு வேறு.

எங்கள் வீடு விருத்தாசலத்தில், பாலக்கரையிலிருந்து நடக்கிற தூரம். வேலை புதுச்சேரியில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம். திங்கள் காலை முதல் பஸ், சனிக்கிழமை சாயங்காலம் திரும்புகிற பஸ், நடுவில் ஐந்து ராத்திரி ஹாஸ்டல் அறை. வேலைக் காலம் முழுக்க இப்படித்தான் போனது. டிப்ளமோ படித்தது, எக்ஸ்ரே இருட்டறையில் விரல் மஞ்சளானது, சி.டி. கற்றுக்கொண்டது எல்லாம் ஒரு வரியில் அடங்கும், அடக்கிவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று துருவியவர்களிடம், "காந்தத்துகிட்ட வேலைங்க. தாலி, மெட்டி போட்டுக்கிட்டு உள்ள போவக் கூடாது" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு குரல் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. அறைக்கும் நாங்கள் உட்காரும் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் குழாய்க்குள் நோயாளி, இந்தப் பக்கம் மானிட்டருக்கு முன்னால் நான். பேச ஒரு மைக். ஒரு நாளைக்குப் பதினைந்து பேருடன் பேசுவேன். "ஆடாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்." இதைத் தவிர யாரிடமும் எதுவும் பேசியதில்லை. அவர்களும் என்னை எல்லா வெள்ளை கோட்டுக்காரிகளையும் கூப்பிடுவதுபோல "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் தணிகாசலம். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டு பாய் உட்பட எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். காந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் பழைய அலுமினிய டிபன் மூடி ஒன்று வைத்திருந்தார். உள்ளே போவதற்கு முன் கைக்கடிகாரம், மோதிரம், பேனா, சில்லறை, சாவி, இதே வரிசையில் அதில் வைப்பார். வாசலில் ஒரு நொடி நின்று எட்டிப் பார்க்க வேண்டுமென்றாலும் இந்த ஐந்தும் மூடிக்குப் போகும். "கதவு வரைக்கும்தானே சார்" என்று ஒரு தடவை சொன்னேன். "கதவு வரைக்கும்தான்னு நான் நெனக்கிறேன். காந்தம் அப்படி நெனக்கணுமே" என்றார்.

அவருடைய இன்னொரு பழக்கம் ஒரு கேள்வி. எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனாலும், நாம் எழுதியிருக்கிற ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இத பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். நோயாளி அசையவில்லை என்று எழுதினால், அசையாததைப் பார்த்தாயா, அசைந்திருக்க மாட்டான் என்று நினைத்தாயா? நினைத்தேன் என்று சொன்னால் திட்ட மாட்டார். "சரி, அப்ப அப்படியே எழுதுங்க" என்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கேன்டீனில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட "பாத்தீங்களா, நெனச்சீங்களா" என்போம்.

இரண்டாயிரமாவது வருடத்துக்கு ஏழெட்டு வருடம் கழித்து, டாக்டர் ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டார். மூளைக் கட்டி சில சமயம் ரத்தக் குழாயைவிட வேகமாக வளர்ந்துவிடும். அப்போது கட்டியின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. அந்த இடம் எது என்று மண்டையைத் திறக்காமல் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தத்திடம் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அதனால் சாதாரணக் காற்றில் ஆறு நிமிடம் படம் எடுப்போம். பிறகு முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து இன்னொரு ஆறு நிமிடம். இரண்டையும் கழித்துப் பார்த்தால், ஆக்சிஜன் போய்ச் சேருகிற இடம் வெளுக்கும், சேராத இடம் அப்படியே கறுப்பாக நிற்கும்.

கட்டி வெளுத்தால் அந்த நோயாளிக்கு ஆக்சிஜன் சுவாசித்துக்கொண்டே கதிர்வீச்சு. வெளுக்காவிட்டால் எல்லாருக்கும் போல வெறும் கதிர்வீச்சு. ஆக ஒருவருக்கு என்ன வைத்தியம் என்பதை அந்தப் பன்னிரண்டு நிமிடம் தீர்மானித்தது.

முறை இதுதான். ஆக்சிஜன் சிலிண்டர் வெளியே நிற்கும். உள்ளே கொண்டுபோனால் காந்தம் அதை நோயாளி மேலேயே இழுத்துவிடும். சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக நீளக் குழாய். முகத்தில் பிளாஸ்டிக் முகமூடி, ஓரங்களில் டேப். காதில் ஹெட்போன். விலாவுக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டை. மூச்சு இழுக்க இழுக்க அந்தப் பட்டை விரியும், என் மானிட்டரில் ஒரு கோடு அலையாக ஏறி இறங்கும். நோயாளி ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்று எனக்குத் தெரிய அந்தக் கோடு ஒன்றுதான் வழி. மேலே போர்வை வேறு போர்த்தியிருப்போம். அந்த அறைக் குளிர் அப்படி. எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் 'மூச்சு சீரா?' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

கலியபெருமாள் எங்கள் ஊர்க்காரர். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு தனியார் யூனிட்டில் சூளைக்காரர். ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் சுடுகிற சூளை. ஐம்பது வயதிருக்கும். ஆறு மாதத் தலைவலி, ஒரு தடவை வலிப்பு. தலையில் சின்னத் துளை போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் கட்டி கெட்ட கட்டி என்று தெரிந்தது. பேச்சு வரும் இடத்தை ஒட்டி இருந்ததால் வெட்டி எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். கதிர்வீச்சு ஒன்றுதான் பாக்கி.

சம்மதப் பத்திரத்தைப் படித்துக் காட்டி விளக்குவது என் வேலை. அவரும் அவர் மனைவி அஞ்சலையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாதி சொல்லும்போதே அவர் கையைக் காட்டினார்.

"புரிஞ்சுடுச்சு சிஸ்டர். சூளையில காத்து பத்தலன்னு வச்சுக்குங்க, ஜாடி வெளில பாக்க வெள்ளையாதான் இருக்கும். ஒடச்சா உள்ள கறுத்துக் கெடக்கும். எந்தலைக்குள்ள அது மாரி கறுத்த எடம் எங்க கெடக்குதுன்னு பாக்கப் போறீங்க. ஒடைக்காம."

"ஒடைக்காம" என்றேன்.

"காத்து உட்டா வெளுக்குமா, வெளுக்காதான்னு."

டாக்டர் மூன்று மீட்டிங்கில் சொன்னதை இவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன்" என்றேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்கேன். அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. கழற்ற மாட்டேன் என்று அரைமணி நேரம் அடம். கடைசியில் அஞ்சலை அதை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "நான் வாசல்லயே நிக்கிறேன், அது உங்களுக்கு நேராத்தான் இருக்குது" என்ற பிறகு படுத்தார். ஏற்கெனவே நேரமாகிவிட்டது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற தலைக்கூடு மாட்டி, முகமூடி ஒட்டி, போர்வை போர்த்தி, உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தால் மானிட்டரில் மூச்சுக் கோடு வரவில்லை. ரப்பர் பட்டையில் எங்கேயோ ஓட்டை. காற்று கசிகிறது.

வேறு பட்டை அலமாரியில் இருந்தது. மாற்ற வேண்டுமானால் அவரை வெளியே இழுத்து, எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாயத்துக்காரரை மறுபடி படுக்கவைக்க வேண்டும். சனியன், போகட்டும் என்று மிஷினை ஓடவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. தாளை எடுத்தேன். 'மூச்சு சீரா?' கட்டத்தில் கை தானாக டிக் போட்டது. அதற்கு முந்தைய இருபது பேருக்கும் அப்படித்தான் போட்டிருந்தேன். ஆனால் அவர்களுக்கெல்லாம் கோட்டைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

சாயங்காலம் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கழித்துப் பார்த்தார். கட்டி முழுக்கக் கறுப்பு. ஆக்சிஜன் கொடுத்ததும் கொடுக்காததும் ஒரே மாதிரி.

"இவருக்கு வெளுக்கவே இல்லையே. பிரயோஜனம் இல்ல போலிருக்கு." பிறகு தாளில் அந்த டிக் மேல் விரலை வைத்தார். "மூச்சு சீரா இருந்ததா? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது! பயந்துகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியா என்று கேட்டால் "ஆள் வராங்க" என்போமே, அதுபோல வந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டுக் கலியபெருமாள் பெயரை வெறும் கதிர்வீச்சுப் பட்டியலில் எழுதினார். திங்கள் மத்தியானம் அந்தப் பட்டியல் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போகும். போய்விட்டால் மாற்ற முடியாது.

"சம்மதப் பத்திரத்துல இவர் மனைவி கையெழுத்து ஒண்ணு விட்டுப் போயிருக்கு. உங்க ஊர்தானே. ஊருக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அஞ்சலை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நல்லாக் கேளுங்கம்மா நாயத்த! தலையில ஓட்ட போட்டு மாசம் ஆவல, சூளைக்குப் போயிருக்குது அந்தாளு. புதுசா வந்தவனுக்குத் தீ பாக்கத் தெரியலயாம், மொதலாளி ஆளு அனுப்புனாரு. வூட்டுல இருன்னா இருக்குதா? நீங்களாச்சும் வந்து நாலு வார்த்தை சொல்லுங்க."

இரண்டு பேரும் செராமிக்குக்கு நடந்தோம். ஆயில் பர்னர் வைத்த சூளை. பர்னருக்குக் காற்று ஊதும் ப்ளோயர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கலியபெருமாள் சட்டையில்லாமல், தலையில் போட்டிருந்த கட்டின் மேல் ஒரு துண்டோடு, சூளைச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். சுவரில் ஒரு சின்னத் துவாரம். அதை ஒரு செங்கல் துண்டு அடைத்திருந்தது. அதை இடுக்கியால் உருவிவிட்டு உள்ளே பார்ப்பார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மண் கூம்பு நட்டிருக்கும். சூடு பக்குவமானதும் அது தலைசாயும். அது சாய்கிறதா என்றுதான் பார்வை.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் தொழில் புத்தி, ஆளைப் பார்த்தால் முதலில் விலாவைப் பார்க்கும். செங்கல்லை உருவினார். குனிந்தார். விலா அசையவில்லை. அசையும் அசையும் என்று பார்க்கிறேன், அசையவே இல்லை. நான் மனதுக்குள் முப்பது எண்ணிவிட்டேன். அப்புறம் முகத்தை ஒரு பக்கம் திருப்பி ஒரே ஒரு வாய் காற்று இழுத்தார். திரும்பக் குனிந்தார். விலா நின்றது. துவாரத்தை அடைத்துவிட்டுப் பத்தடி இந்தப் பக்கம் வந்து, ப்ளோயர் சத்தம் குறைந்த இடத்தில்தான் சாதாரணமாக மூச்சு விட்டார்.

"வாங்க சிஸ்டர், என்னா இந்தப் பக்கம்?"

"மூச்ச ஏங்க அடக்குறீங்க?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அதுவா? அந்த அனல உள்ள இழுத்தா நெஞ்சு வெந்து பூடும். எங்கப்பா அடிச்சிப் பழக்கினாரு. இப்ப முப்பது வருஷம் ஆவுது, நான் அடக்கறது இல்ல, அந்தச் சத்தம் கேட்டாலே அதுவா நின்னுக்குது."

"எந்தச் சத்தம்?"

"ப்ளோயரு சத்தந்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "உங்க மிஷினுகூட அதே மாரிதான் கத்துது. மொகத்துல வேற காத்து அடிச்சுது. கண்ண மூடிக்கிட்டு சூளை வாசல்லதான் நிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டேன். பயமே இல்ல."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, அஞ்சலை "என்னாம்மா, வெயிலா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அரை நிமிடத்துக்கு ஒரு வாய் காற்று மட்டும் இழுக்கிற மனுஷனுக்கு முகமூடியில் ஆக்சிஜன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? படம் எப்படி வெளுக்கும்? அந்தப் பட்டையில் கோடு வந்திருந்தால், முதல் நிமிடமே அது தரையாகப் படுத்துக் கிடந்திருக்கும். நான் பார்த்திருப்பேன். பார்க்காமல், பார்த்தேன் என்று எழுதி, கேட்டபோது பார்த்தேன் என்றும் சொல்லி, இந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியத்தைத் தட்டிவிட்டுவிட்டு, கையெழுத்து வாங்க வந்து நிற்கிறேன்.

அஞ்சலை கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் வாங்க. இன்னொரு தடவ படம் எடுக்கணும்" என்றேன்.

"ஏம்மா, ஏதாச்சும் கெடுதலா?"

"மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு" என்றேன். இரண்டாவது பொய்.

திங்கள் காலை மூன்று பேர் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மந்தாரக்குப்பம் தாண்டும்வரை கலியபெருமாள் ஜன்னலோரம் தூங்கினார். அஞ்சலை தன் பிறந்த ஊர் பெண்ணாடத்தைப் பற்றி, கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஓடிக் கரும்பு உருவியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டே டாக்டரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பட்டை ஓட்டை என்பது உண்மைதானே. 'ஸ்கேன் முடிந்த பிறகுதான் சார் கவனித்தேன்' என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது. மறு ஸ்கேன் கிடைத்துவிடும். என் பேரும் கெடாது. கடலூர் வருவதற்குள் அந்தப் பொய்யை மெருகேற்றித் தயாராக வைத்துவிட்டேன்.

டாக்டர் கதவருகே ஸ்டூல் முன் நின்றுகொண்டிருந்தார். கடிகாரத்தைக் கழற்றி மூடியில் வைத்தார். மோதிரத்தை வைத்தார். "சொல்லுங்க" என்றார்.

"கலியபெருமாளுக்கு மறுபடி எடுக்கணும் சார். அவர் மூச்ச அடக்கியிருக்கார். சூளைப் பழக்கம்."

பேனா மூடிக்குப் போனது. "மூச்சு சீரா இருந்ததுன்னு எழுதியிருந்தீங்களே. பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

மெருகேற்றின பொய் தொண்டை வரை வந்தது. அந்த மூடியில் சில்லறை விழும் சத்தம் கேட்டது.

"ரெண்டும் இல்ல சார். பட்டை வேலை செய்யல. தெரிஞ்சும் விட்டுட்டேன். பாக்கவும் இல்ல, நெனக்கவும் இல்ல. எழுதினேன். அன்னிக்கு உங்ககிட்ட சொன்னதும் பொய்."

சாவி கையில் இருந்தது. அதை அவர் வைக்கவில்லை.

"அந்தத் தாளக் கிழிக்காதீங்க. அந்த டிக் மேல ஒரு கோடு போடுங்க. பக்கத்துல இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. கீழ நானும் போடுறேன். அவரக் கூப்பிடுங்க, பட்டியல் மத்தியானம்தான் போவுது."

புதுப் பட்டை கட்டினேன். கோடு அழகாக ஏறி இறங்கியது. மிஷினை ஓட்டினேன். சத்தம் ஆரம்பித்த அதே நொடியில் கோடு படுத்துவிட்டது. மைக்கை அழுத்தி, "மூச்சு விடுங்க, கலியபெருமாள்" என்றேன். ஒரு மூச்சு ஏறியது, மறுபடி தரை. "இழுங்க... விடுங்க" என்றேன். வார்த்தை கேட்கும்போது ஒன்று வரும், வார்த்தை நின்றால் அதுவும் நின்றுவிடும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த உடம்பு முப்பது வருடமாகக் கற்றதை நான் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு அழிக்கப் பார்க்கிறேன்.

மிஷினை நிறுத்தி, "சூளை இல்லங்க இது, பயப்படாம இழுங்க" என்று விளக்கினேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். ஓட்டினேன். தரை.

பின்னால் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துவைத்து நானே மூச்சு விட ஆரம்பித்தேன். சத்தமாக, நாய் மாதிரி இல்லை, தூங்குகிற ஆள் மாதிரி. இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். நாலாவது மூச்சில் கோடு அசைந்தது. ஏழாவதில் என்னோடு சேர்ந்து ஏறியது, என்னோடு சேர்ந்து இறங்கியது. நான் கொஞ்சம் தாமதித்தால் அதுவும் மேலேயே காத்திருந்தது.

காற்றில் ஆறு நிமிடம், ஆக்சிஜனில் ஆறு நிமிடம். தலை சுற்றியது, உதடு மரத்துப்போனது, வெட்கமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை இல்லாமல் பன்னிரண்டு நிமிடம் இன்னொரு மனுஷருடன் நான் அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் இருந்ததில்லை. பின்பும் இல்லை. இதை எழுத ஐம்பது தடவை யோசித்தேன், எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

படம் வந்தது. கட்டியின் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு கறுப்பாகவே நின்றது. "போதும்" என்றார் டாக்டர். பட்டியலில் பெயரை அடித்து, ஆக்சிஜன் பிரிவில் எழுதினார்.

குழாயிலிருந்து வெளியே வந்த கலியபெருமாள் முகமூடித் தழும்பைத் தேய்த்துக்கொண்டு, "மொத தடவ தனியாக் கெடந்தேன். இன்னிக்கு யாரோ கூடவே இருந்த மாரி இருந்துதும்மா" என்றார். அன்றுதான் 'சிஸ்டர்' என்பதை விட்டு 'அம்மா'வுக்கு வந்தார்.

ஆறு வாரம் கதிர்வீச்சு. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அஞ்சலை எவ்வளவு கத்தியும் இரண்டு தடவை சூளைக்குப் போய்த் தீ பார்த்துக் கொடுத்தார். எனக்கு ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தார். "ஒத்த ஆளுக்கு இவ்ளோ ஊறுகா எதுக்குங்க?" என்றேன். "சொந்தபந்தம் வராமலா பூடும்?" என்றார். ஜாடி காலியாகத்தான் இருக்கிறது.

ஆக்சிஜனால்தான் அந்த ஒன்றரை வருடமா, இல்லாவிட்டாலும் அவ்வளவு இருந்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி, ஆள் போதாமல் பாதியில் நின்றுபோனது. டாக்டர் தணிகாசலம் என் மேல் புகார் எழுதவில்லை, வேலையைக் குறைக்கவில்லை, அதே 'ங்க'தான். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தானே எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மற்றவர்களிடம் கேட்பார். நான் காத்திருந்தேன். அவர் ரிட்டயர் ஆகிற நாளன்று டிபன் மூடியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் கேட்கவில்லை.

ரம்யா, பட்டையைப் பற்றித்தானே கேட்டாய்? சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்த ஒன்றரை வருடத்தின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாட்டு அறையில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. அஞ்சலை.

"அம்மா, அவருக்கு நெனவு சரியா இல்ல. டாக்டருங்க வூட்டுலயே வச்சுக்கங்கன்னுட்டாங்க. மூச்சு நின்னு நின்னு வருதும்மா. காலையிலேருந்து சூளை சூளைங்கறாரு. நீங்க அன்னிக்கி மைக்குல மூச்சு உட்டீங்களாமே, அது மாரி கொஞ்சம்... போன அவரு காதுல வக்கிறேன்."

எச்சில் கையோடு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். இழுத்தேன், விட்டேன். அந்தப் பக்கம் ஒரு கரகரப்பு கேட்டது. என்னோடு சேர்ந்துகொண்டதா என்று சொல்ல முடியாது, கோடு இல்லையே. இழுத்தேன், விட்டேன். கையில் தயிர் காய்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு அஞ்சலையின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல்.

"போதும்மா. அவரு நிறுத்திட்டாரு."

எனக்குக் கேட்டது. ஆனால் நான் பார்க்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.